லாங்இயர்பியன் ஊரில் சாவதற்கே தடையாமே, உண்மையா? அந்த ஊரின் வரலாறு என்ன?

லாங்இயர்பியன் வடதுருவப் பக்கம், நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் இருக்கும் ஊர். அங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஏதோ காணொளி பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அங்கே நிறுத்தப்பட்டது சவப்பெட்டியோடு புதைப்பது மட்டும்தான், அதுவும் 1950 வாக்கிலேயே. அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். மேல்மண் மட்டும் கோடையில் இளகி, குளிரில் மறுபடி உறையும். இப்படி இளகி இளகி உறையும் மண் உள்ளே இருப்பதை மெல்ல மேலே தள்ளும். அஸ்திக் கலசமானால் இன்றைக்கும் அனுமதி வாங்கிப் புதைக்கலாம். முதியோரைப் பராமரிக்க அங்கே வசதி இல்லை, அதனால் வயதானவர்கள் நார்வே பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 'தடை' என்று கதை கட்டிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அது ஒரு முதலாளி கட்டிய நிலக்கரிச் சுரங்க ஊர் என்பதையே யாரும் பேசுவதில்லை.

ஜான் மன்ரோ லாங்இயர் மிச்சிகன்காரர், காட்டிலும் கனிம நிலங்களிலும் பணம் பார்த்தவர். 1901-ல் சுற்றுலாவுக்காகக் கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வந்தார். பிறகு பாஸ்டன் தொழிலதிபர் ஃப்ரெடரிக் ஏயரோடு சேர்ந்து 1906-ல் ஆர்க்டிக் கோல் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது அந்தத் தீவு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. பலகை நட்டு 'இது என் இடம்' என்றால் இடம் உங்களுடையது. வரி கட்ட வேண்டாம், போலீஸ் கிடையாது. ஊரின் முதல் பெயர் லாங்இயர் சிட்டி. நார்வே மொழியில் 'பியன்' என்றால் ஊர். முதலாளி போய்விட்டார், பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

படங்களில் சுரங்க வாய் மலைச்சரிவில் உயரத்தில் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கரி அடுக்கு ஏறக்குறையப் படுக்கைவசமாக மலைக்குள் ஓடுகிறது, பள்ளத்தாக்கின் பக்கவாட்டில் வெளியே தலைகாட்டுகிறது. அதனால் கிணறு போல ஆழமாகத் தோண்டி, ஆளையும் கரியையும் தூக்கி இறக்க வேண்டியதில்லை. சரிவிலிருந்து நேராக உள்ளே குடைந்தால் போதும். வெட்டிய கரியைக் கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் கொட்டிக் கப்பல்துறைக்கு அனுப்பினார்கள். வடத்தைத் தாங்கும் மரக் கோபுரங்கள், உள்ளே கூரையைத் தாங்கும் முட்டுகள், வீட்டுப் பலகைகள் என எல்லா மரமும் கப்பலில்தான் வர வேண்டும், தீவில் ஒரு மரம்கூடக் கிடையாது. கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது. குளிர்காலம் முழுவதும் வெட்டியது கரையில் மலையாகக் குவியும், கோடையில் ஏற்றுவார்கள். அரிசிக்கும் ஆணிக்கும் இதே கணக்குதான். முன்னதாகவே திட்டமிட்டு இறக்காவிட்டால் அடுத்த கோடைவரை இல்லை.

பெரிய ஆபத்து தூசி. உறைந்த சுரங்கத்தில் தண்ணீர் ஊறாது, காற்றும் வறட்சி, கரித்தூள் நனையாமலே பறக்கும். ஓரிடத்தில் பற்றினால் அந்த அதிர்வே மேலும் தூசியைக் கிளப்பும், தீ தொடர்ந்து ஓடும். 1920 ஜனவரியில் முதல் சுரங்கத்தில் இப்படி வெடித்து 26 பேர் செத்தார்கள். கரித்தூசி வெடிப்பைத் தடுக்கச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் தூள் தூவுவார்கள். அது வெப்பத்தை உறிஞ்சித் தீயை மேற்கொண்டு ஓடவிடாது.

அந்த வெடிப்பு நடந்தபோது லாங்இயர் முதலாளி இல்லை. வேலைநிறுத்தங்கள், அமெரிக்க மேலாளர்களுக்கும் நார்வே தொழிலாளிகளுக்கும் ஒத்துவராத பேச்சு, கூடவே முதல் உலகப் போர். 1916-ல் ஸ்டோர் நோர்ஸ்கே என்ற நார்வே நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதற்காக அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நான் சொல்லவில்லை, கருத்துப்பெட்டியில் சண்டைக்கு வரவேண்டாம். 1925-ல் தீவு நார்வே ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகும் வேலை, குடியிருப்பு, மெஸ், கடை எல்லாம் கம்பெனிதான். அந்த நிறுவனம் தானே அச்சடித்த தாள் பணம் 1980 வரை அங்கே புழங்கியது. வேலையை விட்டால் அறையும் போகும், அறை போனால் தீவிலேயே இருக்க முடியாது. கம்பெனி ஊர் என்றால் என்ன என்று ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1943 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட் சுட்டதில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது, இரண்டாம் சுரங்கத்தில் பற்றிய தீ பல ஆண்டுகள் அணையவே இல்லை. போருக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். 1976-ல் நார்வே அரசே கம்பெனியை வாங்கியது. 1987-ல் கம்பிவடம் நின்றது. மின்நிலையம் 2023-ல் கரியை விட்டு டீசலுக்கு மாறியது. கடைசியாக இருந்த ஏழாம் சுரங்கம் 2025-ல் மூடப்பட்டது.

மரக் கோபுரங்கள் இன்னும் சரிவில் நிற்கின்றன. 1946-க்கு முந்தைய தடயங்கள் எல்லாமே அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, ஒரு பலகையைக்கூட எடுக்க முடியாது. கரித்தூசி உள்ளே வராமலிருக்கச் சுரங்கத் தொழிலாளிகள் வாசலில் பூட்ஸைக் கழற்றினார்கள். சில ஹோட்டல்களில் இன்றைக்கும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில் பேசிய புதைப்பு விஷயத்துக்கே, அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கே திரும்புகிறேன். 1918-ல் வேலைக்கு வந்து ஃப்ளூ காய்ச்சலில் இறந்த 7 இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வைரஸ் உறைமண்ணில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி 1998-ல் ஓர் ஆய்வுக்குழு தோண்டியது. சவப்பெட்டிகள் உறைந்த ஆழத்தில் இல்லை, ஆண்டுதோறும் இளகும் மேல்மண்ணிலேயே கிடந்தன.