கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா

கேள்வி: என் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "இதைப் படித்து என்ன ஆகப்போகிறது, டேட்டா சயின்ஸில் சேர்த்துவிடு" என்று என் அண்ணன் விடாமல் சொல்கிறார். எல்லாம் ஆன்லைன் வகுப்பு, டேப்லெட்டும் தருவார்களாம். மாதம் 6,000 ரூபாய், 24 தவணை. சனிக்கிழமைக்குள் சேர்ந்தால்தான் இந்தக் கட்டணம் என்கிறார்கள். மகளுக்கோ கல்லூரி வேதியியல் லேப்தான் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே போனில் இரண்டு இலவச கோர்ஸ் ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். எந்நேரமும் கையில் போன்தான். எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: பெண்ணின் படிப்பு வீணாகிவிடுமோ என்ற பயம் எந்தத் தாய்க்கும் வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, சனிக்கிழமை வந்துவிடும்.

முதலில் பணம். 6,000-ஐ 24-ஆல் பெருக்குங்கள்: 1,44,000 ரூபாய். இதைக் கட்டணம் என்று சொல்லியிருப்பார்கள். படிவத்தை நிதானமாகப் படித்தால், பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாக இருக்கும். பாடம் நடத்துபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். மகள் மூன்றாவது மாதமே படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. கட்டாமல் போனால் கடன் வாங்கியவரின் சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு அவள் எம்.எஸ்சி. படிக்க வங்கியில் கல்விக் கடன் கேட்கும்போது உடன் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். அந்த இடத்தில் இந்தப் பழைய கணக்கு குறுக்கே நிற்கும். ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் தரும் கடன், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோ டெபிட் ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருக்கும்படி 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள்.

தாய்மாமன் சொல்லைத் தட்டுவது எளிதல்ல என்று தெரியும். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவரல்ல, படிக்கப்போவதும் அவரல்ல. டேட்டா சயின்ஸ் மோசமான துறையும் அல்ல. புள்ளியியலும் கணிதமும் ஊறியவர்கள், நிரல் எழுதிப் பழகியவர்கள் போட்டியிடும் களம் அது. அந்த அடித்தளம் இல்லாமல் சில மாதச் சான்றிதழோடு போகும் பெண்ணை, வேலைக்கு எடுப்பவர்கள் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவை நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்ட பாதைகள், அவற்றை விட்டுவிடுகிறேன். வேதியியல் மாணவர்களின் கண் முன்னால் இருந்தும் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

என்பிடெல். 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐ.ஐ.எஸ்சி.) சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். பொறியியல் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். வேதியியல், இயற்பியல், கணிதம், மொழி, பொருளாதாரம் எல்லாமே உண்டு. இப்போது ஒன்றிய அரசின் ஸ்வயம் எனும் இணையக் கல்வித் தளத்தில் இந்தப் பாடங்கள் நடக்கின்றன. ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். 4, 8, 12 வாரப் பாடங்கள். சேருவதும் படிப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் மையத்துக்கு நேரில் போய் 3 மணி நேரத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. மகளிடம் இப்போதிருக்கும் போனே போதும், டேப்லெட் தேவையில்லை.

"இரண்டு இலவச கோர்ஸைப் பாதியில் விட்டவள்தானே, இதையும் விட்டுவிடுவாள்" என்று உங்களுக்குத் தோன்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய ஆன்லைன் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையின்படி, 2017–18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். அதே பாடங்களில் சிறு கட்டணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். பணம் கட்டியவர்கள் முதலிலிருந்தே உறுதியானவர்கள் என்பதும் இதில் ஒரு பங்குதான். ஆனாலும் கெடு தேதியும் தேர்வும் இல்லாத பாடம் கைநழுவிப் போவது இயல்பு. உங்கள் மகளைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். 1,000 ரூபாயும் தேர்வுத் தேதியும் கட்டிப்போடும் என்றால், 1,44,000 எதற்கு?

மதிப்பெண் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ளச் சொல்லுங்கள். பலர் இடறி விழுவது இங்கேதான். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். அதனால் ஒரு வாரம் காய்ச்சலில் தவறினால் பதற வேண்டாம். ஆனால் சான்றிதழுக்கு 25-இல் 10, 75-இல் 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்ட் விடைகளைப் பகிர டெலிகிராம் குழுக்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுபவருக்கு 25-க்கு 24 வரும். தேர்வில் 28 வாங்கினால் மொத்தம் 52, சான்றிதழ் கிடையாது. சொந்தமாக முட்டிமோதி அசைன்மென்ட்டில் 18-உம் தேர்வில் 45-உம் வாங்கியவருக்கு 63. 60-ஐத் தாண்டியதால் 'எலைட்' என்று சான்றிதழில் வரும். 75-க்கு மேல் சில்வர், 90-க்கு மேல் கோல்டு.

இன்னொரு குழி: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. அது தனி விண்ணப்பம், பருவம் தொடங்கிய சில வாரங்களில் மூடிவிடும். பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெயரும் தலைப்பெழுத்தும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். அதுதான் சான்றிதழில் அச்சாகும்.

இனி போன். நீங்கள் போனைப் பிடுங்கி வைத்தால் இந்தத் திட்டம் நடக்காது. அப்படியே விட்டாலும் நடக்காது. 12 வாரப் பாடத்தில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ இருக்கும். 360 பி தரத்தில் மணிக்கு 300 எம்.பி. என்று வைத்தால் வாரத்துக்கு 750 எம்.பி. போதும். ஞாயிற்றுக்கிழமையே அந்த வாரத்துக்கானதை இறக்கி வைத்துவிட்டு, படிக்கும்போது டேட்டாவை அணைத்துவிடட்டும். அறிவிப்புச் சத்தம் வராது, அடுத்த வீடியோவும் இழுக்காது. போனின் டிஜிட்டல் வெல்பீயிங் அமைப்பில் ஃபோகஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது; ரீல்ஸ் வரும் செயலிகளை மாலை 7 முதல் 8 வரை அதுவே நிறுத்தி வைக்கும். அதை மகளே அமைக்க வேண்டும், நீங்கள் அல்ல. அம்மா போட்ட பூட்டை உடைக்கத்தான் தோன்றும்.

வேகமான ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால், பல பாடங்களுக்கு எழுத்து வடிவம் கிடைக்கிறது. சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. அதை ஒருமுறை வாசித்துவிட்டு வீடியோவுக்குப் போகலாம்.

எப்படிப் பார்க்கிறாள் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாடம் பியர்-லாம்பர்ட் விதி: கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை (அப்சார்பன்ஸ்) வைத்து அதன் செறிவைக் கணக்கிடுவது. பேராசிரியர் கணக்குப் போடுகிறார்: அப்சார்பன்ஸ் 0.5, மோலார் உறிஞ்சு மாறிலி 2,000, செல்லின் நீளம் 1 செ.மீ.; வகுத்தால் செறிவு லிட்டருக்கு 0.00025 மோல். பார்க்கிறவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அசைன்மென்ட்டில் அதே கணக்கு, "50 சதவீத ஒளி கரைசலைக் கடந்து வந்தது" என்று உருமாறி வரும். வீடியோவை மட்டும் பார்த்தவர் 50 சதவீதத்தை 0.5 என்று எடுத்து, அதே விடையைக் குறித்துவிடுவார். கடந்து வந்த ஒளி டிரான்ஸ்மிட்டன்ஸ். 0.5-இன் மடக்கையைக் குறி மாற்றி எடுத்தால்தான் அப்சார்பன்ஸ், அது 0.301. செறிவு 0.00015. இந்தச் சறுக்கல் நோட்டில் கை வைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு வீட்டிலேயே வந்து, வீட்டிலேயே திருத்தப்பட்டிருக்கும்.

ஆகவே ஏழெட்டு நிமிடம் ஓடியதும் வீடியோவை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்து, இதுவரை கேட்டதைப் பார்க்காமல் நோட்டில் எழுதட்டும். கணக்கு வந்தால் விடை வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு அவளே போடட்டும். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அரை மணி வீடியோ இப்படிப் பார்த்தால் ஐம்பது நிமிடம் ஆகும். ஆகட்டும். 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டி முடிப்பது படிப்பாகாது.

அசைன்மென்ட் அனுப்பும்போது மட்டும் முடிந்தால் கல்லூரிக் கணினியைப் பயன்படுத்தலாம். சின்னத் திரையில் சமன்பாட்டின் அடுக்குகள் சரியாகத் தெரியாமல் தவறு வரும். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. கெடு நாள் இரவு வரை வைத்திருந்து, நெட் கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய.

சான்றிதழோடு இது முடிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்க இடம் கொடுக்கின்றன. என்பிடெல் கணக்கில் 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் மதிப்புப் புள்ளி. உங்கள் மகளின் கல்லூரியில் எது ஏற்கப்படும் என்பது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அதனால் பருவம் தொடங்கும்போதே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; முடித்துவிட்டுப் போய் நின்றால் "முன்பே சொல்லவில்லையே" என்பார்கள். கல்லூரி என்பிடெலின் லோக்கல் சாப்டராக (உள்ளூர்க் கிளையாக) இருந்தால் அதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பாடம்? இதில் நீங்களும் நானும் உங்கள் அண்ணனும் வாயைத் திறக்கக் கூடாது. லேப் பிடிக்கும் என்று சொல்லும் பெண்ணுக்குப் பகுப்பாய்வு வேதியியல், நிறமாலையியல் பக்கம் கை தானாகப் போகும். மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுக் கூடம், குடிநீர், உணவுப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் இந்த அறிவின் மேல்தான் நடக்கின்றன. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கும் இதே உழைப்பு கைகொடுக்கும். வேதியியலை விட்டு வெளியே போகத்தான் ஆசை என்று அவளே சொன்னால், பைத்தான் நிரல்மொழிப் பாடம் ஒன்றைப் 12 வாரம் முடித்துக் காட்டட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிமுகப்படுத்தி ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் மானியக் குழு அனுமதிக்கிறது. அதற்கும் செலவு உண்டு, உழைப்பும் மிக அதிகம். 12 வாரத்தை முடிக்காமல் அதைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம்.

சனிக்கிழமைக்கு முன் போன் வரும்போது கடன் ஒப்பந்தத்தையும், பணம் திரும்பத் தரும் நிபந்தனையையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள். ஆதார், பான் படங்களை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டிருந்தால் இன்றே பாருங்கள்: ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனில் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள 'கூலிங் ஆஃப்' எனும் அவகாசம் இருக்க வேண்டும். அது எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். விலகல் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, ஆட்டோ டெபிட்டை வங்கியில் ரத்து செய்யுங்கள்.

அடுத்த பருவச் சேர்க்கை திறக்கும் வரை மகள் காத்திருக்க வேண்டாம். நடந்து முடிந்த பாடங்களின் வீடியோக்கள் தளத்தில் அப்படியே இருக்கின்றன. அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் வாரத்தை மட்டும், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து முடிக்கட்டும். ஐந்து நாளில் அந்த நோட்டில் எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.