வாக்கி-டாக்கியில் கூப்பிட்டது யார்? – கேள்வி பதில்

டிஜிட்டல் கைச்செட்டுகளின் ஐடி (ஒவ்வொரு செட்டுக்கும் உரிய எண்), அழைப்பு வகைகள், அவசர பட்டன் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலோர் டிஎம்ஆர் (டிஜிட்டல் மொபைல் ரேடியோ என்ற தரம்) செட்டை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், பதிலும் அதற்கே. மெனுவில் உள்ள பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

கிடங்குக் காவலர்: ஒரே ஆள் பேசும்போது என் செட்டில் "கேட் 2" என்று வருகிறது. நண்பரின் செட்டில் வெறும் 1042 என்று வருகிறது. அவர் செட் பழுதா?

பழுதில்லை. பேசுகிறவரின் செட் வழக்கமாக எண்ணை மட்டும்தான் அனுப்பும். அந்த எண்ணுக்கு "கேட் 2" என்று பெயர் போடுவது உங்கள் செட்டில் இருக்கும் தொடர்புப் பட்டியல். நண்பரின் பட்டியலில் 1042 இல்லை, அல்லது தனி அழைப்பு என்று சேர்க்க வேண்டியதைக் குழு அழைப்பு என்று சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது தவறைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பெயரையும் சேர்த்தே அனுப்பும் 'டாக்கர் அலியாஸ்' வசதி சில செட்டுகளில் உண்டு, ஆனால் அனுப்பும் செட், வாங்கும் செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

விழா ஏற்பாட்டாளர்: ஒருவரைத் தனியாக அழைத்தால் இரண்டு பேர் எடுக்கிறார்கள், சார்!

ஒரு செட்டின் புரோகிராமை அப்படியே இன்னொன்றில் ஏற்றியிருப்பார்கள், ஐடியும் கூடவே போய்விட்டது. மெனுவில் 'என் ஐடி' என்ற இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். அந்த இருவரில் ஒருவர் அவசர பட்டனை அழுத்தினால், ஆபத்தில் இருப்பது யார் என்றே தெரியாது.

கட்டுமான மேற்பார்வையாளர்: அதே செட்டை அனலாக் சேனலுக்கு மாற்றினால் ஐடி வருவதில்லையே?

அனலாக் சேனலில் போடும் 67.0 ஹெர்ட்ஸ் போன்ற டோன், உங்கள் ஸ்பீக்கரைத் திறப்பதோடு சரி. பேசுவது யார் என்பது அதில் இல்லை. எம்டிசி-1200 போன்ற தனிச் சமிக்ஞை வேண்டும், வாங்கும் செட்டுக்கும் அது புரிய வேண்டும். பிடிடியை, அதாவது பேச அழுத்தும் பட்டனை, அழுத்தியதும் "ப்ர்ர்ப்" என்று ஒரு சத்தம் போகும், அது முடிந்த பிறகு பேசுங்கள். டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் ஒரு முறை போகும் ஐடி, பேச்சுக்கு இடையிலும் 360 மில்லிவினாடிக்கு ஒரு முறை திரும்ப வரும். அதனால் நடுவில் செட்டைப் போட்டவருக்கும் பேசுவது யார் என்று தெரிந்துவிடும்.

தீயணைப்புத் தன்னார்வலர்: கலர் கோடும் ஐடியும் ஒன்றா?

இல்லை. கலர் கோட் என்பது ஒரே அலைவரிசையில் வேறு குழுவின் பேச்சு கலக்காமல் பிரிக்கும் எண், 0 முதல் 15 வரை, சேனலுக்கு உரியது. ஐடி செட்டுக்கு உரியது.

ஓட்டுநர்: குழுவுக்குச் சொன்னதாக நினைத்தேன், ஒருவருக்கு மட்டும்தான் போயிருக்கிறது. ஏன்?

யாராவது உங்களைத் தனியாக அழைத்து முடித்ததும் சில வினாடிகள் ஒரு காத்திருப்பு நேரம் ஓடும். அதற்குள் பிடிடியை அழுத்தினால் பேச்சு அவருக்கே பதிலாகப் போகும். திரையில் அவர் பெயர் மறைந்து குழுவின் பெயர் வந்த பிறகு அழுத்துங்கள். திரையில்லாத செட் என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதான்.

கட்டுப்பாட்டு அறை ஊழியர்: கால் அலர்ட், ரேடியோ செக் – எதை எப்போது பயன்படுத்துவது?

ஆள் வேண்டும் என்றால் கால் அலர்ட். எதிர்ச்செட் பீப் அடித்து, அவர் பார்க்கும் வரை அறிவிப்பை வைத்திருக்கும். செட் ஆனில், எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் தெரிய ரேடியோ செக் போதும். வைத்திருப்பவருக்குத் தெரியாமலேயே செட் பதில் அனுப்பிவிடும். செட் நன்றாக இருக்கிறது என்பதால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே மெனுவில் எதிர்ச்செட்டின் மைக்கைத் தூரத்திலிருந்தே திறக்கும் ரிமோட் மானிட்டரும் இருக்கலாம். ஊழியர்களிடம் முன்பே சொல்லாமல் அதை வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

இரவுப் பணியாளர்: ஆரஞ்சு நிற அவசர பட்டனை அழுத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை, ஐயா.

முதலில் அந்தப் பட்டனுக்கு வேலை கொடுத்து புரோகிராம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், பல செட்டுகளில் அது சும்மா இருக்கும். அடுத்து, சிறிய அழுத்தமா நீண்ட அழுத்தமா என்பதும் புரோகிராமைப் பொறுத்தது. மூன்றாவதாக, எச்சரிக்கையை வாங்கி ஒப்புதல் அனுப்ப எந்தச் செட் ஒதுக்கப்பட்டிருக்கிறது? ஒப்புதல் வராவிட்டால் உங்கள் செட் குறிப்பிட்ட தடவை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடும். 'சைலன்ட்' முறை என்றால் உங்கள் செட்டில் சத்தமோ விளக்கோ வராது. தாக்க வந்தவன் எதிரில் நிற்கும்போது அதுதான் நல்லது, ஆனால் போனதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது. ஹாட் மைக் இருந்தால் எச்சரிக்கைக்குப் பின் மைக் தானாகத் திறக்கும், பிடிடி வேண்டாம். எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அடித்தளம், லிஃப்ட் பக்கம் என்று சிக்னல் மோசமான இடங்களிலிருந்து சோதியுங்கள்.

கிடங்கு மேலாளர்: தொலைந்த செட்டை முடக்க முடியுமா?

முடக்கும் கட்டளை உண்டு. ஆனால் அந்தச் செட் ஆனில், அதே சேனலில், எல்லைக்குள் இருக்க வேண்டும், அதை ஏற்கும்படி முன்பே புரோகிராமும் செய்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் முடக்கம் போகாது. ஒரு முறை அனுப்பிப் பதில் வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எடுத்தவர் எப்போதாவது ஆன் செய்வார், இடைவெளி விட்டு அனுப்பிக்கொண்டே இருங்கள். அதுவரை குழுப் பேச்சை அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். முக்கியமான பேச்சை வேறு சேனலுக்கு மாற்றுங்கள், குறியாக்கம் பயன்படுத்துபவர்கள் சாவியையும் மாற்றிவிடுங்கள்.