பி.எஸ்.டபிள்யூ. சேர்வதற்கு முன்

வணக்கம். என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 412 வாங்கியிருக்கிறாள். பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி இளங்கலைப் பட்டம்தான் படிப்பேன் என்கிறாள். சயின்ஸ் குரூப் எடுக்காதது தடையாகுமா? என் அண்ணன், "சேவை செய்ய எதுக்குப் பட்டம், பேசாம பி.காம். சேர்த்துவிடு" என்கிறார். தபால் வழியில் படித்துக்கொண்டே ஏதாவது வேலைக்கும் போகலாமே என்று எனக்கு ஒரு யோசனை. முடித்தால் வேலை கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.
ம., வியாசர்பாடி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

குரூப் பற்றிய கவலையை விடுங்கள். இந்தப் படிப்புக்குப் பொதுவாக எந்தக் குரூப்பும் செல்லும். பிளஸ் டூ தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. இடத்தைத் தீர்மானிப்பவை மார்க் வரிசையும் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடும், நேர்காணல் வைக்கும் கல்லூரிகளில் அதுவும்தான். 412 தயங்க வேண்டிய மார்க் அல்ல.

விண்ணப்பிக்கும் வாசல்கள் இரண்டு. அரசு கலைக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து அரசின் ஒரே இணையதளம். உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக அவரவர் தளத்தில். பலர் அரசுத் தளத்தில் போட்டுவிட்டு எல்லாக் கல்லூரிக்கும் போட்டதாக நினைத்து இருந்துவிடுகிறார்கள். சென்னையில் இந்தப் படிப்பு என்றதும் முதலில் சொல்லப்படுவது எழும்பூர் காசா மேஜர் சாலையில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கியது, இப்போது தன்னாட்சிக் கல்லூரி. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் பெயர்களையும் உங்களிடம் சொல்வார்கள். அங்கே பேர்பெற்றது முதுகலைச் சமூகப்பணி. எந்தக் கல்லூரியானாலும் இந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டில் 'பி.எஸ்.டபிள்யூ.' என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பி.ஏ. சோஷியாலஜி வேறு படிப்பு. பி.எஸ்.டபிள்யூ.வில் உள்ளதுபோல் அமைப்புகளுக்கு நேரில் போய்ச் செய்யும் களப்பணி அதில் கிடையாது.

சான்றிதழ்களில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரும் இனிஷியலும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் இப்போதே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கவுன்சிலிங் நாளன்று எதுவும் நடக்காது. டி.சி.யைச் சேரும் கல்லூரியில் கொடுத்துத்தான் ஆகவேண்டும், ஆகவே அதற்கு முன் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். மற்ற அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நேர்காணலில் "ஏன் இந்தப் படிப்பு?" என்பார்கள். "சேவை செய்யணும்" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். உங்கள் தெருவில் பள்ளிக்கூடம் நின்ற பிள்ளைகள் யார், என்ன காரணத்தால் நின்றார்கள், அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று உங்கள் மகளால் சொல்ல முடிந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி பட்டத்துக்கு என்ன வேண்டும் என்பது. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், சென்னைப் பல்கலைக்கழக முறையில் குறைந்தது 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, ஐந்து என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. தியரியில் தேர்ச்சிக்கு 40 சதவீதம், வருகைப்பதிவு 75 சதவீதம். அகமதிப்பீட்டு மார்க்கின் பங்கு தன்னாட்சிக் கல்லூரிகளில் மாறும். இதெல்லாம் எந்த டிகிரிக்கும் உள்ளதுதான். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, ஆராய்ச்சி, நல நிர்வாகம் என்று முதன்மைப் பாடங்கள் போகும். சமூகவியலும் உளவியலும் துணைக்கு வரும். புத்தகம் ஆங்கிலத்தில், களம் தமிழில். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் தடுமாறுவது இங்கேதான்; களத்துக்குப் போனதும் அவர்கள் கைதான் ஓங்கும்.

இந்தப் படிப்பின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது களப்பணி. முதலில் பார்வையிடல்: குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் போன்றவை. பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரே அமைப்பில். அது கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ அமையலாம். வியாசர்பாடியிலிருந்து ஊரின் மறுகோடி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவு இல்லை, நேரம்தான் போகும். இடையில் ஏறக்குறைய ஒரு வாரம் ரூரல் கேம்ப் என்ற கிராம முகாம், செமஸ்டர் முடிவில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. கேம்புக்கு வெளியூரில் தங்க வேண்டியிருக்கும். "பெண்ணை அனுப்பமாட்டோம்" என்று வீட்டார் மறிப்பது அந்தக் கட்டத்தில்தான். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சைச் சேர்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு களநாளுக்கும் அறிக்கை எழுத வேண்டும். மாணவர்கள் சறுக்குவது இதில். "இன்று குழந்தைகளுடன் விளையாடினோம், மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதினால் சூப்பர்வைசர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். அவர் எதிர்பார்ப்பது இப்படி: "பத்து வயதுச் சிறுவன் விளையாட்டில் சேரவில்லை. அருகில் போய் உட்கார்ந்தேன், பேசவில்லை. சற்று நேரத்தில் அவனே, அம்மா எப்போது வருவார் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். அதை இல்லப் பொறுப்பாளரிடம் கேட்காமல் சொன்னது தவறு. அடுத்த முறை..." நடந்தது, தான் செய்தது, ஏன் செய்தது, அடுத்து என்ன என்ற நான்கும் வர வேண்டும். பெயரை எழுதக் கூடாது. அன்றைக்கே எழுதிவிட வேண்டும். செமஸ்டர் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய ரெக்கார்டை வைவாவில் இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

தியரியில் அரியர் விழுந்தால் அடுத்த முறை பரீட்சை எழுதிக் கடக்கலாம். களப்பணியில் நாள் குறைந்தால் பரீட்சை எழுதி ஈடுகட்ட வழியில்லை, விட்ட நாட்களை மறுபடி போய்ச் செய்யத்தான் வேண்டும். எல்லாத் தாளும் பாஸாகி, களப்பணி பாக்கியால் பட்டம் தள்ளிப்போவது உண்டு.

உங்கள் தபால் வழி யோசனை சரிவராது என்று நினைப்பதற்கும் இதுதான் காரணம். தபால் வழியில் நடத்தும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம். பகலில் வேலைக்குப் போகிறவருக்கு அதைச் செய்ய நேரமிருக்காது. களப்பணியே வேண்டாம் என்று சொல்லி ஆள் சேர்க்கும் இடம் எதுவானாலும் தள்ளி நில்லுங்கள்.

வேலை. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் சமூகப் பணியாளர் பணிக்குப் பட்டம் போதும், சமூகப்பணி படித்தவருக்கு முன்னுரிமை. ஆனால் ஒப்பந்த வேலை. தொண்டு நிறுவனங்களில் களப் பணியாளர் இடம் கிடைக்கும், ஆரம்பச் சம்பளம் குறைவு. டி.என்.பி.எஸ்.சி.யில் ஏதேனும் ஒரு பட்டம் கேட்கும் தேர்வுகளை எழுதலாம். மருத்துவமனை, ஹெச்.ஆர். என்றால் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுகலைச் சமூகப்பணி கேட்பார்கள். மனநலச் சமூகப் பணியாளர் என்ற பெயருக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கும் மேலே எம்.ஃபில். வேண்டும் என்கிறது. ஆகவே மூன்று வருடமல்ல, ஐந்து வருடக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. எம்.எஸ்.டபிள்யூ. சேர எந்தப் பட்டமும் போதும், பி.காம். முடித்தவரும் வரலாம். சேவை செய்யவும் பட்டம் தேவையில்லை. ஆனால் குழந்தை ஒன்று அடிபட்டு வந்து நிற்கும்போது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதா, முதலில் தாயிடம் பேசுவதா, எதை எழுதி வைப்பது என்று தெரிய மேற்பார்வையில் செய்த மூன்று வருடப் பழக்கம் வேண்டும். உங்கள் மகளுக்கு இந்த விருப்பம் நிச்சயமென்றால் பி.எஸ்.டபிள்யூ., ஊசலாட்டம் இருந்தால் பி.காம். முடித்துவிட்டு வரட்டும். என் கருத்து அதுதான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் கட்டடத்தைப் பார்ப்பதை விட்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை யாரையாவது நிறுத்திக் கேளுங்கள்: களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், ஆசிரியர் நேரில் வந்து பார்க்கிறாரா, வாராவாரம் தனியாக உட்கார்ந்து பேசுகிறாரா? வருவதில்லை என்றால் அடுத்த கல்லூரிக்கு நடங்கள்.

இன்னொன்று. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் அதில் வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். மகள் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருந்து, அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். அதை இந்த வாரமே பாருங்கள்.