டெல்ஃப்ட்டைத் தேடினால் ஹொலண்ட் வருகிறது

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் சொன்னான் என்று வரைபட வசதியுள்ள வம்சாவளி மென்பொருள் ஒன்றை 80 டொலர் சொச்சம் கொடுத்து வாங்கினேன். நாங்கள் நெடுந்தீவு ஆட்கள். அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்தபடியே ‘டெல்ஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், புள்ளி ஹொலண்டில் போய் விழுகிறது. அம்மம்மாவின் சான்றிதழில் காரைதீவு என்று இருக்கிறது, அவர் காரைநகர்க்காரர். வரைபடம் அவரை அம்பாறைக்குக் கொண்டுபோய்விட்டது. காசு வீணா? திருப்பிக் கேட்கலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: திருப்பிக் கேட்க அவசரப்படாதீர்கள் அம்மா. இதே கூத்து எந்த மென்பொருளிலும் நடக்கும். நீங்கள் அடிக்கும் பெயரை அது ஒரு பெரிய ஊர்ப்பட்டியலில் தேடி, பொருந்துகிற ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. ‘டெல்ஃப்ட்’ என்று மட்டும் கேட்டால் உலகத்துக்குத் தெரிந்த டெல்ஃப்ட் ஹொலண்டில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை நம் தீவுக்கு வைத்துவிட்டுப் போனவர்களும் ஒல்லாந்தர்தானே! ஆகவே ஊரோடு நிறுத்தாமல் ‘நெடுந்தீவு, யாழ்ப்பாண மாவட்டம், வட மாகாணம், இலங்கை’ என்று முழுவதும் அடியுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

காரைதீவு கொஞ்சம் வில்லங்கம். காரைநகருக்கு முன்பு காரைதீவு என்றுதான் பெயர், அதே பெயரில் அம்பாறையில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. கொக்குவில்லும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. இந்த மாதிரி இடங்களில் மென்பொருளின் ஊகத்தை நம்பாமல் புள்ளியை நீங்களே வைக்க வேண்டும். கைப்பேசியில் கூகுள் மேப்பைத் திறந்து, இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். நெடுந்தீவுக்கு 9.52, 79.69 என்ற கணக்கில் இருக்கும். முதல் எண் அகலாங்கு, அடுத்தது நெட்டாங்கு. மாற்றிப் போட்டீர்களென்றால் அப்பா வடதுருவத்துப் பக்கம் கடலில் பிறந்தவராகிவிடுவார்.

நீங்கள் பார்க்க வேண்டிய விஷயம் வேறொன்று. ஓர் இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை, எந்த ஆண்டில் எது வழங்கியது என்பதோடு வைக்க உங்கள் மென்பொருள் விடுகிறதா? பரந்தனில் 1938இல் பிறந்தவர் யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்தவர். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதேபோல, 1972க்கு முந்திய ஆங்கிலப் பத்திரங்களில் ‘சிலோன்’ என்றுதான் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, நமக்கு அன்றும் இன்றும் இலங்கைதான். சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே ஒரு பெட்டியிலும், இன்றைய பெயரை இன்னொன்றிலும் எழுத முடிந்தால் அது நல்ல மென்பொருள். வரைபடத்துக்குப் பிடிக்கவில்லை என்று சான்றிதழில் உள்ளதை மாற்றி எழுதாதீர்கள்.

இந்த விஷயத்தில் கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளை அடிக்க ஆளில்லை என்பது என் எண்ணம், அதுவும் இலவசம். ஊரை மாவட்டத்துக்குள், மாவட்டத்தை மாகாணத்துக்குள் என்று அடுக்கலாம், ஆண்டையும் குறிக்கலாம், தமிழ் எழுத்தை ஏற்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் புள்ளியைக் காட்டும். பழகத்தான் பொறுமை வேண்டும். ரூட்ஸ்மேஜிக் என்ற இன்னொரு மென்பொருளும் எசென்ஷியல்ஸ் என்று ஓர் இலவசப் பதிப்பு தருகிறது. இனிமேல் வாங்குகிறவர்கள் முதலில் இவற்றில் பத்துப் பேரைப் பதிந்து பார்த்துவிட்டு அப்புறம் காசைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று: அந்த வரைபடம் பெரும்பாலும் உங்கள் கணினியில் இல்லை, வேறொரு கம்பனியின் சேவையிலிருந்து வருகிறது. மைக்ரோசாப்ட் தனது பிங் மேப்ஸ் சேவையை மற்ற நிறுவனங்களுக்கு வழங்குவதை நிறுத்துவதாக 2024இல் அறிவித்தது. இலவசக் கணக்குகளுக்கு 2025 ஜூன் 30, கட்டணக் கணக்குகளுக்கு 2028 ஜூன் 30 என்று கெடு. அப்படி ஒரு சேவை நின்றால் அதை நம்பிய மென்பொருளில் வரைபடமும் போகும். அகலாங்கு, நெட்டாங்கு எண்கள் உங்களிடம் இருந்தால் கவலையில்லை. இன்றே ஒரு கெட்கொம் கோப்பை (வம்சாவளித் தகவல்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் எழுத்துக் கோப்பு) ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே அகலாங்கும் நெட்டாங்கும் வந்திருந்தால் பிழைத்தீர்கள். வராவிட்டால் அந்த மென்பொருளில் மேலும் உழைக்காதீர்கள்.

சிற்றூர், குறிச்சி தேடுகிறவர்கள் நாரஹேன்பிட்டி கிருல வீதியில் நில அளவைத் திணைக்களத்துக்கு ஒருநடை போய்வரலாம். 1:50,000 வரைபடத் தாள்களை அங்கே விலைக்கு வாங்கலாம். காணி உறுதியில் மட்டும் இருக்கும் வளவுப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. அதற்கு வீட்டில் உள்ள பெரியவர்தான் துணை.

கேள்வி: தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து நானுஓயா எடின்பரோ தோட்டத்துக்கு வந்தவர். அவர் வந்த பாதையை வரைபடத்தில் காட்ட ஆசை. மென்பொருள் ஸ்கொட்லாந்துக்கு நேர்கோடு போடுகிறது!
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: துரைமார் வைத்த பெயர்களின் வினை! ‘எடின்பரோ தோட்டம், நானுஓயா, நுவரெலியா மாவட்டம்’ என்று எழுதிப் புள்ளியைக் கையால் வையுங்கள். கோடு நேராகத்தான் வரும், ஏனென்றால் மென்பொருளுக்குத் தெரிந்தவை பிறந்த இடமும் இறந்த இடமும் மட்டும். நடுவில் நிகழ்வுகளைச் சேருங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், அதாவது 1914க்கும் 1964 புயலுக்கும் இடையில், அவர் வந்தவரென்றால் மண்டபம், தனுஷ்கோடி, தலைமன்னார் என்று மூன்று புள்ளிகள் போடலாம். ஆண்டு நிச்சயமில்லாவிட்டால் ‘ஏறத்தாழ’ என்று குறியுங்கள். பழைய பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம், நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்.

கேள்வி: கடையில் இதே மாதிரி வம்சாவளி மென்பொருள் ஒன்றின் முழுப் பதிப்பை 500 ரூபாய்க்குப் பதிந்து தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: வேண்டாம். உரிமக் குறியீடு உங்கள் பெயரில் இருக்காது, புதிய பதிப்பு வராது, குடும்பத்தார் பிறந்த தேதிகள் எல்லாம் யாரோ திருத்திய நிரலுக்குள் போய்விடும். உண்மையான உரிமம் என்று சொன்னால் பற்றுச்சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்துவிட்டு ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். வெளிநாட்டுத் தளத்தில் அட்டையால் வாங்கியதென்றால் முதலில் உங்கள் வங்கியிடம் போங்கள்.