குண்டு வெடித்த பிறகு வரும் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லலாமா?

கேட்டவர் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டிருக்கிறார். தீவிரவாதத் தாக்குதல் நடந்த பிறகு வரும் ரம்ஜானையும் பக்ரீத்தையும் அக்கம்பக்கத்து மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. அந்த நேரத்தில் முஸ்லிம் நண்பருக்கு வாழ்த்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லலாமா என்பது இன்னொன்று. பின்னதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: தாராளமாகச் சொல்லுங்கள். முன்னதுதான் கொஞ்சம் நீளும்.

நான் திருநெல்வேலியில் முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்துக்காரன். வாப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர்கள், உம்மா பீடி சுற்றினார்கள். எனக்கு வேலை ஆற்றுக்கு இந்தப் பக்கமே, பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது. அதனால் ஊருக்குள் நடப்பதும் தெரியும், ஊரைப் பற்றி வெளியே பேசுவதும் காதில் விழும்.

பார்வை மாறத்தான் செய்கிறது. ஆனால் டிவியில் காட்டுகிற மாதிரி இல்லை. திருநெல்வேலிச் சீமையில் எனக்குத் தெரிந்து பெருநாளன்று யாரும் எங்களைத் திட்டியதில்லை. நடப்பது வேறு. வருஷம் முழுக்க எங்களை ஒவ்வொரு ஆளாகத்தான் பார்க்கிறார்கள். கறிக்கடை பாய், பாத்திரக்கடை பாய், கணக்குப் பார்க்கிற பாய். பெருநாள் காலையில் மட்டும்தான் மொத்தமாகப் பார்க்கிறார்கள். திடலில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வரிசை வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் எழுந்திருக்கிற கூட்டம். சாதாரண வருஷத்தில் அது மறுநாள் பேப்பரில் ஒரு படம், அவ்வளவுதான். பத்து நாளைக்கு முன்னால் எங்கேயோ குண்டு வெடித்திருந்தால் அதே கூட்டத்தைப் பார்க்கிற கண் வேறாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, தீவிரவாதச் செய்தி ஓடும்போது பின்னால் தொழுகை வரிசைப் படத்தைப் போடுகிற பழக்கம் ஊடகங்களில் வெகுநாள் இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர். 58 பேர் செத்தார்கள். குண்டு வைத்தவர்கள் எங்கள் பெயர் வைத்திருந்தவர்கள். அதற்கு முந்தைய நவம்பரில் அங்கே ஒரு போலீஸ்காரர் கொலையானார், பிறகு கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன, முஸ்லிம்கள் 18 பேர் செத்தார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அதைச் சொல்லி இதை நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ரயில்வே ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் செத்தவர்கள் யாரையும் சுடவில்லை.

அந்த வருஷம் ரம்ஜான் ஜனவரிக் கடைசியிலேயே முடிந்திருந்தது. ஏப்ரலில் ஹஜ்ஜுப் பெருநாள், அதாவது நீங்கள் பக்ரீத் என்கிறீர்களே, அது வந்தது. எங்கள் தெருவில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகவே பயம். ஊர் எல்லையில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி 'எங்கே போறே, எங்கேருந்து வாரே' என்று கேட்பார்கள். மேலப்பாளையம் என்று சொன்னாலே அடுத்த கேள்வி கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வரும். டவுனில் வாடகைக்கு வீடு கேட்டால் "இப்பத்தான் முடிஞ்சது அண்ணாச்சி, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு" என்பார்கள். கோபமாக அல்ல, ரொம்ப மரியாதையாக. இன்றைக்கும் பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 வந்தால் எங்கள் ஊரில் கடை அடைப்பு, ஜங்ஷன் ஸ்டேஷனில் மெட்டல் டிடெக்டர், பையைத் திறந்து காட்டு. இது பழகிவிட்டது. பழகியதைப் பற்றிப் புகார் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. அமெரிக்க அஞ்சல் துறை முதல்முதலாக ஒரு பெருநாள் ஸ்டாம்ப் வெளியிட்டது. நீலப் பின்னணியில் தங்க நிறத்தில் 'ஈத் முபாரக்' என்று அரபு எழுத்து, 34 சென்ட். வெளியிட்ட தேதி 2001 செப்டம்பர் 1. பத்தே நாளில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த ஸ்டாம்பை யாரும் வாங்காதீர்கள் என்று சங்கிலி மின்னஞ்சல்கள் வருஷக்கணக்கில் சுற்றின. நோன்பு முடிந்த வாழ்த்துக்கும் விமானம் கடத்தியவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை. அந்த வருஷம் முஸ்லிம்கள் மேல் நடந்த வெறுப்புக் குற்றம் என்று எஃப்.பி.ஐ. பதிவு செய்தது 481 சம்பவம். அதற்கு முந்தைய வருஷம் 28. அரிசோனாவில் தலைப்பாகையைப் பார்த்து முஸ்லிம் என்று நினைத்து ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அஞ்சல் துறையைப் பாராட்ட வேண்டும், பின்வாங்கவில்லை. மறு வருஷம் கட்டணம் ஏறியபோது அதே ஸ்டாம்பை 37 சென்ட்டுக்கு மறுபடி அச்சடித்தது.

நம்ம ஊருக்கு வருகிறேன். 2008 ஜனவரியில் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அப்போது தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. முந்தைய ஆகஸ்டில் அங்கே மதமோதலில் உயிர்கள் போயிருந்ததால், யார் வைத்திருப்பார்கள் என்று யாரும் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில், டீக்கடையில், என் அலுவலகத்தில், எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். சில நாளில் போலீஸ் கைது செய்தது இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களை. அதற்குப் பிறகு என் அலுவலகத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. எனக்கும் அதை எடுத்துவைத்துக் கெலிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: கைதானவர்கள் யார் என்று தெரிந்த பிறகு வந்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ யாரும் யாரையும் 'உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்களே' என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. எங்களைக் கேட்கிறார்களே என்பதுதான்.

அதே வருஷம் நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். 166 பேர். பக்ரீத் டிசம்பர் 9. நடுவில் டிசம்பர் 6 வேறு. மும்பையில் ஒரு பள்ளிவாசல் டிரஸ்ட், செத்துப்போன ஒன்பது தீவிரவாதிகளுக்கும் எங்கள் கபர்ஸ்தானில், அதாவது அடக்கத்தலத்தில், இடமில்லை என்று சொல்லிவிட்டது. அந்த உடல்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் ரகசியமாகத்தான் புதைக்கப்பட்டன. ஒரு முஸ்லிம் கபர்ஸ்தான் மையித்தை, அதாவது இறந்த உடலை, திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. ஊர்விலக்கான ஆளுக்குக்கூட ஆறடி மண் உண்டு என்பதுதான் எங்கள் வழக்கம். அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது.

ஆனால் அந்தப் பக்ரீத்துக்குக் கையில் கறுப்புப் பட்டை கட்டித் தொழச் சொன்னார்களே, அதில் எங்கள் வீட்டிலேயே சண்டை. பல ஊர்களில் கட்டினார்கள். நான் கட்டலாம் என்றேன். வாப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள்: "செத்தவங்களுக்குன்னா இந்த வெள்ளைச் சட்டையிலயே துஆ கேப்பேன். நான் அவன் இல்லன்னு காட்டுறதுக்குன்னா, ஏம்ல நான் காட்டணும்?" எனக்கு அன்றைக்கு அது வீம்பாகப் பட்டது. இப்போது இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. கட்டியவர்கள் மனசிலிருந்துதான் கட்டினார்கள். கட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்கு ஒவ்வாதது. மனுஷனாக நான் கண்டிக்கிறேன், நீங்கள் கேட்பதற்கு முன்பே. சந்தேகப் பட்டியலில் இருக்கிற ஆளாக நின்று கண்டிக்கச் சொன்னால் நாக்கு எழாது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டார்கள். அதில் தடுக்கப்போய்ச் செத்த உள்ளூர்க் குதிரைக்காரர் ஒரு முஸ்லிம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கறுப்புப் பட்டை.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் பெருநாள் ஒரே அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். நோன்பு மாதத்தில் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் பின்வாசலுக்கு வாருங்கள். நோன்புக் கஞ்சிக்கு மதியமே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, நாளுக்குத் தக்கபடி கொஞ்சம் கொத்துக்கறி. கடைசியில் தேங்காய்ப்பால், மல்லி புதினா. அண்டாவில் அடிப்பிடிக்காமல் துழாவ இரண்டு ஆள் வேண்டும். தூக்குவாளியோடு நிற்கிற வரிசையில் நெற்றியில் திருநீறு இருக்கும், கழுத்தில் சிலுவை இருக்கும். வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்று முப்பது நாளும் விடாமல் வாங்குகிற அண்ணாச்சிமார் உண்டு. குண்டு வெடித்த வருஷத்திலும் இந்த வரிசை குறைந்ததாக எனக்கு நினைவில்லை. தூரத்திலிருந்து திடலைப் படமாகப் பார்ப்பவருக்கும், கஞ்சிக்கு நிற்பவருக்கும் பயம் ஒரே அளவில் இருப்பதில்லை.

பக்ரீத் ஆடும் அப்படித்தான். வாட்ஸப்பில் 'ரத்த ஆறு' என்று பக்ரீத்துக்குப் பக்ரீத் தவறாமல் ஒரு செய்தி வரும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்கு அந்த வாரம் வந்து பாருங்கள். கயத்தாறு, மானூர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிடாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிற ஆட்டுக்காரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். பக்ரீத் விலைக்கென்றே கிடாயை விற்காமல் வைத்திருப்பார்கள். அறுத்த கறியில் மூன்றில் ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கு. சிலர் இந்துச் சிநேகிதர்களுக்கும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் வாங்குவார், "ஓதி அறுத்தது வேண்டாம் பாய்" என்கிறவர் சொல்லிவிடுவார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நாங்களும்தான் சாமிக்குப் படைத்ததை எல்லா வீட்டிலும் சாப்பிடுவதில்லை.

தர்காக்களில் நடக்கிற கந்தூரி விழாவின் கதை வேறு. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் கந்தூரிக்குக் கடையம், ஆழ்வார்குறிச்சி சுற்றுவட்டாரத்திலிருந்து இந்துக்கள் குடும்பத்தோடு வருவார்கள். பிள்ளைக்கு மொட்டை, நேர்ச்சைக்குக் கிடாய், எல்லாம் உண்டு. இன்றும் வருகிறார்கள். ஆனால் மேலப்பாளையத்தில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் அங்கே போவதில்லை. தர்காவுக்குப் போவது மார்க்கத்துக்கு விரோதம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு தரப்பு பலமாகப் பேசி, பலரை நிறுத்திவிட்டது. நான் அந்தத் தரப்பும் இல்லை, தர்காவே கதி என்கிற ஆளும் இல்லை. ஆனால் இரண்டு சமூகமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற இடங்கள் குறைந்ததற்குத் தீவிரவாதி மட்டும் காரணம் என்று எழுதினால் அது பொய். எங்கள் கைங்கரியமும் அதில் உண்டு.

சரி, உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். என் அலுவலகத்தில் ஒருவர், வயதில் மூத்தவர், மும்பை சம்பவத்துக்குப் பிறகு வந்த அந்தப் பக்ரீத்துக்கு மறுநாள் என் மேசைக்கு வந்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டே நின்றார். "என்ன பாய், இப்படி ஆயிப்போச்சு" என்று ஆரம்பித்து, நான் மூன்று நிமிஷம் கண்டனம் தெரிவித்து, அப்புறம் "சரி, பெருநாள் வாழ்த்துகள்" என்றார். நல்ல மனுஷர், எனக்கு இன்றும் வேண்டியவர். ஆனால் வாழ்த்துக்கு முன்னால் வாசலில் நிறுத்திப் பையைச் சோதித்த மாதிரி இருந்தது. அதே நாள் எங்கள் அலுவலக வாட்ச்மேன், "ஏ பாய், தூக்குச்சட்டி எங்க? மறந்துட்டேன்னு சொன்னே, வீட்டுக்கே வந்துருவேன்" என்றார். அவரிடம் மும்பை பற்றி அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது நானேதான் பேச்சை எடுத்தேன். இரண்டு பேரும் அரைமணி நேரம் வயிறெரிந்து பேசினோம்.

அதனால் வாழ்த்தை முதலில் சொல்லுங்கள். நடந்ததைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அப்புறம் பேசலாம், நாங்களும் அதே நியூஸைத்தான் பார்க்கிறோம். பக்ரீத்துக்கு ஆடு அறுக்கிற குர்பானி பற்றியோ நோன்பு பற்றியோ சந்தேகம் இருந்தால் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். 'தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா' என்ற கேள்விக்கு நான் சர்வீஸ் முழுக்கப் பதில் சொல்லி வருகிறேன், இன்னொரு தடவை சொல்வதில் நஷ்டமில்லை. பிரியாணி கேட்பதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் நெய்ச்சோறும் தால்சாவுமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். தேதி மட்டும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரம்ஜான் என்றால் பிறை தெரிந்தால்தான் பெருநாள், முந்தின ராத்திரி வரை எங்களுக்கே தெரியாது; தெரிந்த பிறகும் எங்கள் ஊரில் ஒரு தெரு இன்றைக்கும் அடுத்த தெரு நாளைக்கும் கொண்டாடிய வருஷங்கள் உண்டு. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள்.