கருவி பொருத்திய பிறகும் மூச்சு நிற்பது ஏன்?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 61. உறக்கத்தில் மூச்சடைப்பு இருந்ததால் மூன்று மாதமாகச் சிபாப் கருவியுடன் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்துவது) உறங்குகிறேன். மணிக்கு 34 முறை நின்ற மூச்சு இப்போது 3 முறைதான் நிற்கிறது. அதில் இரண்டு ‘சென்ட்ரல்’ வகை என்று செயலி காட்டுகிறது. இது மூளைக் கோளாறா? காற்றழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்கிறான் தங்கை மகன்.
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். நீங்கள் சிகிச்சை பெறும் கோளாறு தொண்டையில் இருக்கிறது: உறங்கும்போது தசை தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்வதால், நெஞ்சு எவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே போவதில்லை. கருவியின் காற்று அந்த வழியைத் திறந்து வைக்கிறது. சென்ட்ரல் வகையிலோ வழி திறந்தே இருக்க, மூளையின் கட்டளை வராமல் நெஞ்சு அசையாதிருக்கிறது. அது 10 நொடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும்.

கட்டளை ஏன் வருவதில்லை? தாமிரபரணிப் படித்துறையில் முங்கு நீச்சல் பந்தயம் கட்டும் பையன்கள் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குவதைப் பார்த்திருப்பீர்கள். (நீருக்குள்ளேயே மயங்கி உயிர் போகக்கூடிய விளையாட்டு அது, கண்டால் அதட்டுங்கள்.) அவர்கள் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதாக நினைக்கிறார்கள், உண்மையில் இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து, மூச்சு விடத் தூண்டும் உணர்வை மழுங்கச் செய்கிறார்கள். உறக்கத்தில் மூச்சைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுவே ஆகையால், புரண்டு படுக்கையில் பாதி விழித்து நாலு பெருமூச்சு விட்டால் அதன் அளவு இறங்கிவிடும். மீண்டும் ஏறும்வரை மூளை பேசாமல் இருக்கும். அழுத்தம் தேவைக்கு மிஞ்சினாலும், மாஸ்க் கசிந்து தூக்கம் கலைந்துகொண்டே இருந்தாலும் இதுவே நேரலாம்.

தவிர, நீங்கள் உறங்குகிறீர்களா, விழித்துக் கிடக்கிறீர்களா என்பது கருவிக்குத் தெரியாது. காற்றோட்டம் நின்றதும் சிறு அதிர்வை அனுப்பிப் பார்த்து, வழி திறந்திருந்தால் சென்ட்ரல் என்று குறித்துக்கொள்கிறது. விழிப்பில் மூச்சைப் பிடித்திருந்தாலும் அப்படித்தான்.

பெரியவர்களுக்கு மணிக்கு மொத்தம் 5-க்குக் குறைவு என்பது இயல்பான அளவு, உங்களுடையது 3. சிகிச்சையின்போது சென்ட்ரல் மட்டும் 5-ஐ எட்டி, எஞ்சியவற்றில் பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தால்தான் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பார்கள். அதுவும் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கிவிடுகிறது.

ஆனால் இதயச் செயலிழப்பு, ஒழுங்கற்ற துடிப்பு, பக்கவாதம் ஆகியவை இருந்தாலோ, மார்ஃபின் போன்ற வலிமருந்து எடுத்துக்கொண்டாலோ, எண்ணிக்கை வாராவாரம் ஏறினாலோ, பகலில் தூக்கம் தள்ளினாலோ மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். சென்ட்ரல் வகைக்கென உள்ள ஏஎஸ்வி கருவியை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிடவும் வேண்டாம். இதயத்தின் வெளியேற்றத் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 45 சதவீதமோ அதற்குக் குறைவோ ஆன இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அது உயிராபத்தைக் கூட்டுவது 2015-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கருவியின் மெமரி கார்டை எடுத்துச் சென்று, கசிவின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.