ரொயோட்டாவைத் தவிர வேறு கார் வாங்கக் கூடாதா?

கேள்வி: அப்பாவிடம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இருந்தது. அண்ணா எவ்வளவோ காலமாக ரொயோட்டா கொரோலாதான் ஓடுகிறார். இப்போது நானும் கணவரும் எங்கள் முதல் காரை வாங்கப் பார்க்கிறோம். எனக்குப் பிடித்தது சுசுகி வாகன்ஆர். வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. "ரொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார்கள். தரகர் ஒருவர் 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஒன்றைக் காட்டி அட்வான்ஸ் கேட்கிறார். இரண்டு பிள்ளைகள். தினமும் பள்ளிக்கூடம், எப்போதாவது கொழும்பு. என்ன செய்யலாம்? – கொக்குவிலிலிருந்து ஓர் ஆசிரியை.

பதில்: ரீச்சர், முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்வாவுக்கு இப்போதைக்கு ஒரு சதமும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். உங்கள் பாவனைக்கு வாகன்ஆர் போதும். வீட்டார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது கொரோலாவுக்குப் பொருந்துகிற நியாயம். பழைய அக்வாவுக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் ஒரே கம்பனிக் காரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பிடிவாதம் இல்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது இங்கே ஓடிய கார்கள் எவை என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்தான். அந்த எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு, அதாவது எரிபொருளை அதிகம் நெருக்குவதில்லை, அதனால் மண்ணெண்ணெயும் எரியும். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகை தள்ளிக்கொண்டாவது ஓடும். உதிரிப்பாகமும் வராத காலம் அது. உடைந்ததை லேத்தில் கடைந்து போட்டார்கள். கராஜ் பையனுக்கே அந்த எஞ்சின் மனப்பாடம். ஆபத்து நேரத்தில் கைவிடாத வாகனத்தின் பெயர் ஒரு தலைமுறையின் மனதில் நின்றுவிட்டது.

2002இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி திறந்த பிறகு ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. ஒஸ்ரின் இருந்த இடத்துக்குக் கொரோலா வந்தது, காரணம் மட்டும் மாறவில்லை. பாகம் கிடைக்க வேண்டும், திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், விற்றால் காசு திரும்ப வேண்டும். இந்த மூன்றும்தான் எங்கள் ஊரில் 'நல்ல கார்' என்பதன் பொருள். இதில் மூன்றாவதுக்குத்தான் ஆட்கள் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் திரும்ப அனுமதி வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்தக் காலத்தில் ஓடித் தேய்ந்த காரின் விலையும் ஏறியது. கார் சேமிப்புப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அப்படியான நாட்டில் யார்தான் புதுப் பெயரைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள்? இது மக்களின் குறை இல்லை. வரியையும் தடையையும் நினைத்த நேரத்தில் மாற்றும் அரசாங்கங்கள் செய்த வேலை.

இன்னொன்றும் உண்டு. பெருந்தொகை கொடுத்து வாங்கிய காரைப் பிழை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணாவின் கொரோலாவுக்கு வந்த செலவெல்லாம் அண்ணாவுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும். உங்கள் காதுக்கு வருவது புகழ் மட்டும். கனடாவிலிருந்து சித்தப்பா சொல்லும் கார் ஆலோசனையையும் அன்போடு கேட்டுவிட்டு ஒதுக்கி வையுங்கள். அங்கே கம்பனி உத்தரவாதத்தோடு புதுக் கார் வாங்குகிறார்கள். பழுது வந்தால் கம்பனி பார்க்கும். இங்கே மூன்றாவது, நாலாவது கை மாறிய காரை வாங்குகிறோம். அதில் ரொயோட்டா கம்பனிக்கு ஒரு சதமும் போவதில்லை, உங்களுக்காக அது ஒரு பொறுப்பும் எடுப்பதில்லை. உங்கள் வீட்டாரின் விசுவாசத்தைக் காசாக்குகிறவர் தரகர்தான். 'கண்ணை மூடிக்கொண்டு' என்ற சொல்லைத்தான் அவர் விற்கிறார்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பாஸோவில் ரொயோட்டா முத்திரை இருக்கும், செய்தது டைஹற்சு என்ற வேறு கம்பனி. ரைஸும் அப்படித்தான். மஸ்டா பிளெயர் என்று வருவது சுசுகி வாகன்ஆரேதான். அவை கெட்ட கார்கள் என்று நான் சொல்லவில்லை. முன்னால் ஒட்டியிருக்கும் முத்திரையைப் பார்த்து எஞ்சினுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

இனி அக்வா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் கூடுதலாக ஏமாறுவது இதில்தான். அக்வா முழு ஹைபிரிட். எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிறது. அந்த மோட்டாருக்கு மின்சாரம் தருவது பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும் பெரிய பற்றரி. 2013 காரில் அது நிக்கல் பற்றரி, இருபது கட்டைகள் வரிசையாக இணைத்தது. பற்றரி முதுமையடையும். அதைக் கூடுதலாகக் கெடுப்பது சூடு, எங்கள் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைக் குளிரவைக்க ஒரு சின்ன விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. காற்றுப் போகும் வழி பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் புத்தகப்பை அதை மூடினாலும், உள்ளே புழுதி அடைத்தாலும் பற்றரி வெந்துபோகும். ஒழுங்காகத் துப்புரவு செய்யும் ஆட்கள் மிகக் குறைவு.

இருபதில் ஒரு கட்டை பலவீனமானாலே எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது நடப்பதைக் கவனமாகக் கேளுங்கள். சில இடங்களில் அந்த ஒரு கட்டையை மட்டும் மாற்றி 'பற்றரி செய்தாச்சு' என்று விற்கிறார்கள். மற்றக் கட்டைகளுக்கும் அதே வயதுதானே, சில மாதத்தில் அடுத்தது விழும். வேறு சிலர் அதுகூடச் செய்வதில்லை. கருவியை மாட்டி விளக்கை அணைத்துவிட்டுக் காரைக் காட்டுவார்கள். நீங்கள் ஓடிப் பார்க்கிற பத்து நிமிடத்தில் ஒன்றும் எரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமையில் எரியும். தரகரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யாது.

ஆகவே பழைய ஹைபிரிட் எதுவானாலும், ரொயோட்டாவோ ஹொண்டாவோ, ஏசியைப் போட்டு அரை மணித்தியாலமாவது ஓடிவிட்டு, ஹைபிரிட் தெரிந்த ஒருவரைக் கொண்டு கருவியில் கட்டைக்குக் கட்டை மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அவர் விற்பவர் கூட்டிவரும் ஆளாக இருக்கக் கூடாது. கட்டைகளுக்குள் வித்தியாசம் கூடுதலாக இருந்தால் அந்தக் கார் வேண்டாம். மின்னழுத்தம் சரியாக இருந்தாலும் முழுப் பற்றரி மாற்றும் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் மலிவாகத் தெரிந்தால்தான் அது மலிவு. உங்கள் அக்வாவை வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். பரிசோதனைக்குக் கொடுக்க மாட்டேன், முதலில் அட்வான்ஸ் என்கிறவரிடம் கார் வாங்கக் கூடாது.

வாகன்ஆரிலும் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கும் சின்ன மோட்டாரும் சின்ன பற்றரியும்தான், அக்வாவில் உள்ளதுபோல் பெரியது இல்லை. 660 சீசீ எஞ்சின். நீங்கள் பள்ளிக்கூடம் போக, சந்தைக்குப் போக அருமையான கார். ஜப்பானில் அந்த வகைக் கார்களில் நாலு பேருக்குத்தான் இடம். நீங்கள் நாலு பேர், சரி. அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போக நினைத்தால் இடமும் இல்லை, அந்த நானூறு கிலோமீற்றருக்கு அது சுகமும் இல்லை. அந்த நாளுக்கு வான் பிடித்துப் போங்கள். வருடத்தில் இரண்டு பயணத்துக்காகப் பெரிய கார் வாங்கத் தேவையில்லை.

கையில் உள்ள காசுக்கு நல்ல பெற்றோல் கொரோலா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், அண்ணா சொல்வது அங்கே சரி. எந்தக் கார் என்று முடிவெடுக்க முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும், நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் போய், 'இந்த மொடலை நீங்கள் திருத்துவீர்களா, பாகம் ரவுனில் கிடைக்குமா, கொழும்பிலிருந்துதான் வர வேண்டுமா' என்று கேளுங்கள். அவருடைய பதில்தான் உங்களுக்கு உண்மையான பிராண்ட்.

வாகன்ஆரே என்றாலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ஜப்பானில் ஏலத்தில் எடுத்த காருக்கு ஒக்சன் ஷீற், அதாவது ஏலத்துக்கு முன் காரைப் பரிசோதித்து எழுதிய தாள், இருக்கும். தரகர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாமல், செசி நம்பரைக் கொண்டு நீங்களே எடுப்பியுங்கள். தரம் 4, 4.5 என்று இருந்தால் நல்லது. 'ஆர்' என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். கிலோமீற்றரும் அதில் இருக்கும். டாஷ்போர்ட்டில் அதைவிடக் குறைவாகக் காட்டினால் மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள், பேச்சை அதோடு முடியுங்கள். தெற்கிலிருந்து வரும் கார் என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2016 மே மாதக் கொழும்பு வெள்ளத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்திலும் எத்தனையோ வாகனங்கள் தண்ணீரில் நின்றன. சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கால் விரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். புதிதாகக் கழுவிய பெல்ற் என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ஓபன் பேப்பர். பதிவு உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு கார் மூன்று நாலு கை மாறும், காரின் பதிவுப் புத்தகத்தில் பெயர் மட்டும் மாறாது. எல்லோரும் செய்கிறார்கள் என்று தரகர் சொல்வார். எல்லோரும் செய்வது உண்மைதான். இடையில் அந்த முதல் ஆள் இறந்துவிட்டால், வெளிநாடு போய்விட்டால், கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் திருப்பிவிட்டால் அலையப் போவது நீங்கள். பெயர் மாற்றும் வேலையை ஒரு சாதாரண ஆள் பயமில்லாமல் தானே செய்யக்கூடியதாக வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு இவ்வளவு பிழைப்பு இருக்காது. வரிசையையும் படிவத்தையும் சிக்கலாக்கி வைத்துவிட்டு, பிறகு 'தரகரிடம் போகாதீர்கள்' என்று பலகை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டு நீங்களே போங்கள். புத்தகத்தில் உள்ள உரிமையாளரை நேரில் பார்த்து, அடையாள அட்டையோடு பெயரை ஒப்பிட்டு, அவர் உங்கள் முன்னால் கையெழுத்து வைத்த பிறகே முழுக் காசையும் கொடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்ற கடிதத்தைத் தரகரின் கையால் வாங்க வேண்டாம். அந்தக் கம்பனியின் கிளைக்கே போய் உறுதிப்படுத்துங்கள்.